காற்றாலை நிழல் விழும் லாட்ஜ்

இப்போது காற்றாலை வேலைக்கு வருகிற பிள்ளைகள் தங்குவதற்குப் போனிலேயே ரூம் போட்டுவிடுகிறார்கள். மெத்தை எப்படி, குளியலறை எப்படி, காலையில் இட்லியா பூரியா என்பதெல்லாம் படத்தோடு வந்துவிடுகிறது. எங்கள் பழைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் போன மாதம் என்னை அழைத்தார். மடத்துக்குளம் தாண்டிப் பழைய ரோட்டில் ஒரு லாட்ஜ் இருக்கிறதாம், சைட்டுக்குப் பக்கமாம். "நீங்க அங்க தங்கியிருக்கீங்கன்னு சொன்னாங்க. தங்கலாமுங்களா?" என்று கேட்டார். தங்கலாம், ஆனால் என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். ரிட்டயரான பிறகு எனக்குக் கதை சொல்ல நிறைய நேரம் இருக்கிறது, என் மனைவிக்குத்தான் கேட்க நேரம் இல்லை.

நான் சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் யாரும் தறியைக் கண்ணால் பார்த்துப் பழுது கண்டுபிடித்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், சத்தத்தில் ஒரு சின்ன இடறல் வந்தால் கையைக் கழுவாமல் எழுந்து போவார்கள். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டராகச் சேர்ந்தேன். முதலாளி கரண்ட் பில்லுக்குப் பயந்து சொந்தமாகக் காற்றாலைகள் வாங்கியபோது என்னைக் கூப்பிட்டு, "அதுவும் சுத்துது, இதுவும் சுத்துது. போய்க் கத்துக்கிட்டு வந்துருங்க தொரைசாமி" என்றார். அவருக்கு எல்லாம் அவ்வளவு சுலபம். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் தடவை கோபுரத்தில் ஏறி இறங்கிய அன்று மண்ணைத் தொட்டுக் கும்பிட்டேன், அப்புறம் பழகிவிட்டது.

எங்களுக்குப் பொறுப்பாளராக வந்தவர் கதிரேசன் சார். என்னைவிட வயதில் சிறியவர். சட்டையின் மேல் பட்டன்வரை போட்டிருப்பார், சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் கீழே நின்றால் எங்களுக்கெல்லாம் முதுகு நிமிர்ந்துவிடும். மேலே ஏறின கடைசி ஆள் இறங்கி வரும்வரை சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்க மாட்டார். பசியோடு காத்திருக்கிறாரே என்று நாங்கள் அவசரப்பட்டு இறங்கினால் அதற்கும் கோபித்துக்கொள்வார்.

அவருடைய மதம் என்று சொன்னால் அது பூட்டுதான். காற்றாலையின் உள்ளே வேலை செய்ய ஏறுவதற்கு முன்னால், கோபுரத்தின் அடியில் இருக்கும் பெட்டியில் இயந்திரத்தை நிறுத்தி, பிரேக் போட்டு, மெயின் சுவிட்சை இறக்கி, அந்தச் சுவிட்சில் ஒரு சிவப்புப் பூட்டு மாட்ட வேண்டும். பூட்டோடு உங்கள் பெயர் எழுதிய அட்டை தொங்கும். சாவி உங்கள் சட்டைப் பையில். மூன்று பேர் ஏறினால் மூன்று பூட்டு. நீங்கள் இறங்கி வந்து உங்கள் கையால் திறக்கும்வரை அந்த இயந்திரத்தை யாராலும் ஓட்ட முடியாது, முதலாளியே வந்து நின்றாலும் முடியாது. கதிரேசன் சார் ஒவ்வொரு பூட்டையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "போலாமுங்க" என்பார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் கால் ஏணியைத் தொடும்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில், யாரோ மறந்து விட்டுப்போன பூட்டு என்று நினைத்து ஒருவர் அதை வெட்டி இயந்திரத்தை ஓட்டிவிட்டார். மேலே ஆள் இருந்தது. "அடுத்தவன் பூட்டுல கை வெக்கறது அடுத்தவன் உசுருல கை வெக்கறதுங்க" என்று மட்டும் சொன்னார். எங்கள் குழுவில் அதை மீறி ஒருவரும் நடந்ததில்லை.

இனி லாட்ஜுக்கு வருகிறேன். பழநிக்குப் போகிற லாரிகளும் தேங்காய் லோடு வண்டிகளும் பழைய ரோட்டில் ஓடிய காலத்தில் அது நன்றாக நடந்ததாம். நாலு வழிச்சாலை தள்ளிப் போட்டதும் வண்டிகள் போய்விட்டன. பெயர்ப் பலகையில் பெயர் உதிர்ந்து லாட்ஜ் என்ற சொல் மட்டும் மிச்சம் இருந்தது. மாடி இடிந்துவிடும் என்று படிக்கட்டில் முள் போட்டு அடைத்திருந்தார்கள். கீழே நீள வராந்தா, அதை ஒட்டி வரிசையாக அறைகள். அதன் பின்பக்கம், மேற்கே, சரியாக ஒரு காற்றாலை. எங்களுடையதுதான்.

வெயில் சாயச் சாய அந்தக் காற்றாலையின் நிழல் லாட்ஜின் மேல் ஏறும். சிறகு ஒவ்வொன்றாக வந்து சுவரைத் தடவிவிட்டுப் போகும். அறைக்குள் வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று மாறிக்கொண்டே இருக்கும். கூடவே புஸ் புஸ் என்று யாரோ பக்கத்தில் படுத்து மூச்சு விடுகிற மாதிரி சத்தம். காற்றாலையோடே வாழ்ந்த எனக்கே அந்த நேரத்தில் அறையில் உட்காரப் பிடிக்காது. தங்க வந்தவர்கள் பாதியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதால், ஜன்னல்களையெல்லாம் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். அப்படியும் பலகை இடுக்கில் நிழல் உள்ளே வரும்.

லாட்ஜை நடத்தியது பாப்பாத்தியக்கா. கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தார். காற்றுக் காலத்தில் எங்களுக்குச் சமைத்துப் போடுவார், மற்ற மாதங்களில் தோப்பு வேலைக்குப் போவார். ரசம் வைத்தால் மறுநாளும் நாக்கில் நிற்கும். ஒரே ஒரு வழக்கம் அவரிடம் எனக்குப் பிடிபடவில்லை. வராந்தாவின் கடைசி அறை வாசலில், தினமும் பொழுது சாய்கிற நேரத்தில், சூடம் ஏற்றி வைத்துக் கும்பிடுவார். உள்ளே சாமி படம் எதுவும் இல்லை. இரண்டு கட்டிலும் ஒரு குளியலறையும்தான் இருந்தன. அந்த அறையில் தங்கியது கதிரேசன் சாரும் ஒடிசாக்காரரான ரஞ்சனும்.

ரஞ்சனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களோடே இருந்து எங்களைவிட மரியாதையாகக் கொங்குத் தமிழ் பேசுவார். இந்தியில் திட்டும்போதுகூட முடிவில் ஒரு 'ங்க' சேர்த்துவிடுவார் என்று கேலி செய்வோம். வேலையில் கெட்டிக்காரர். அந்த ஆடி மாதம் அவர் ஊருக்குப் போக லீவு கேட்டிருந்தார்.

அந்தச் சமயம் நான் உதிரிபாகம் வாங்கத் திருப்பூர் போயிருந்தேன். திரும்பி வந்தபோது லாட்ஜில் எங்கள் ஆட்கள் யாரும் இல்லை. தாராபுரம் பக்கத்தில் ஒரு காற்றாலையில் கியர் பெட்டி வேலை, எல்லாரும் முந்தின நாள் காலையிலேயே போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். ரஞ்சன் ரயிலுக்குப் போய்விட்டார் என்று கதிரேசன் சார் போனில் சொல்லியிருந்தார். கடைசி அறையின் நாதாங்கியில் கதிரேசன் சாருடைய சிவப்புப் பூட்டு, பெயர் அட்டையோடு தொங்கியது. லாட்ஜ் பூட்டுகள் துருப்பிடித்துப் போனதால் நாங்கள் வேலைப் பூட்டைத்தான் அறைக்கும் போடுவோம்.

கரண்ட் இல்லை. காற்றில் ஒயர்கள் அறுந்து இரண்டு நாளாகிறதாம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை சுற்றுகிறது, லாட்ஜில் ஒரு பல்பு எரியவில்லை. மோட்டார் ஓடாததால் தொட்டியிலும் தண்ணீர் இல்லை. பாப்பாத்தியக்கா கிணற்றில் சேந்தி வைத்திருந்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. டக். கொஞ்சம் இடைவெளி. டக். சிறகு ஒன்று புஸ்ஸென்று கடந்து போனதும், அடுத்த சிறகு வருவதற்குள், டக். எனக்குச் சோறு இறங்கவில்லை. சிறகின் வேரில் போல்ட் தளர்ந்தால் இப்படித்தான் வரும். இந்தக் காற்றில் அதை விட்டால் சிறகே பிய்ந்து லாட்ஜின் மேல் விழலாம்.

"இந்தச் சத்தம் எப்ப இருந்துங்க்கா கேக்குது?"

பாப்பாத்தியக்கா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னார். "அது நம்மளக் கூப்புடலீங்க. நீங்க சாப்புடுங்க."

"யாரு கூப்புடறாங்க?"

"கடைசி ரூமுல முன்னொரு காலத்துல ஒரு லாரி டிரைவரு செத்துப்போனாருங்க. காத்துக் காலம் வந்தாத் தட்டுவாரு. நேத்துல இருந்து கொஞ்சம் சாஸ்தியாத் தட்டறாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவருடைய சூடத்துக்குக் காரணம் புரிந்துவிட்டது. பெரிய இயந்திரங்களுக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்கள் அதன் சத்தத்துக்கு இப்படி ஒரு பெயர் வைத்துக்கொள்வதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். கையைக் கழுவிவிட்டுக் கதிரேசன் சாரைப் போனில் பிடித்தேன்.

"காத்து இந்த அடி அடிக்குது. இப்பப் போயி நிறுத்தோணுமுங்களா?" என்றார். ஆடிக் காற்றில் ஒரு காற்றாலை நின்றால் முதலாளிக்குச் சோறு இறங்காது என்பது அவர் கவலை.

"சிறகு ஒவ்வொண்ணும் தாண்டறப்ப டக்குனு ஒரு சத்தமுங்க சார். போல்ட் தளந்திருக்குமோன்னு தோணுது."

"நிச்சயமுங்களா?"

"என்ற காது பொய் சொல்லாதுங்க சார்."

"அப்பச் சரி, நிறுத்திப் பாருங்க. நான் மேல ஏறப் போறேன், போன் கீழதான் இருக்கும். எறங்குனதும் கூப்புடறேன்."

பின்பக்கம் நடந்தேன். கோபுரத்தின் கதவைத் திறந்து உள்ளே நின்று கேட்டால் அந்தச் சத்தம் இல்லை. இயந்திரத்தின் இரைச்சல் சீராக இருந்தது. வெளியே வந்து கேட்டாலும் இல்லை. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. பழுது இருக்கிற இடத்தில் சத்தம் குறைந்து, தள்ளிப் போனால் கூடுமா? காற்று அடித்துக்கொண்டு போகிறது போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பெட்டியில் நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். சிறகுகள் வேகம் குறைந்து, தயங்கி, நின்றன. தனியாள் மேலே ஏறக் கூடாது என்பதால் பூட்டை மாட்டிவிட்டு லாட்ஜுக்குத் திரும்பினேன்.

நிழல் லாட்ஜின் பின்சுவரில் ஒரு சிறகின் அளவுக்கு அசையாமல் கிடந்தது. அந்த லாட்ஜை அப்படி நான் பார்த்ததே இல்லை. மூச்சு நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நான் சுவரோரமாக நடந்து வராந்தாவில் ஏறினேன்.

டக்.

கொஞ்சம் இடைவெளி.

டக்.

காற்றாலை நின்றுவிட்டது. சத்தம் நிற்கவில்லை. அதே தாளம், அதே இடைவெளி. பேய் பிசாசு என்று யார் சொன்னாலும் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான், அன்றைக்கு வெயில் இருக்கும்போதே வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வராந்தாவின் கோடியில் பாப்பாத்தியக்கா சூடத் தட்டோடு நின்றிருந்தார். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அப்போது சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு டக் டக் டக் டக் என்று அவசர அவசரமாக, தாளமே இல்லாமல், கடைசி அறையின் கதவுக்கு அந்தப் பக்கம், தரையை ஒட்டிக் கேட்டது. காற்றாலை நின்றதை உள்ளே யாரோ கவனித்திருக்கிறார்கள். நின்றால் பக்கத்தில் ஆள் இருக்கும் என்று தெரிந்த யாரோ.

நான் ஓடினேன். பாப்பாத்தியக்கா குறுக்கே வந்து கையைப் பிடித்தார். "தொறக்காதீங்க சாமி. வேண்டாமுங்க."

"உள்ள ஆளு இருக்குதுங்க்கா!"

"வெளிய பூட்டியிருக்குதுங்க, உள்ள எப்படி ஆளு இருக்கும்?"

அவருக்கு உள்ளே இருப்பது பேய். எனக்கு வெளியே தொங்குவது கதிரேசன் சார் பூட்டு. அட்டையில் அவர் கையெழுத்தில் அவர் பெயர். போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மேலே இருக்கிறார். இத்தனை வருடத்தில் அடுத்தவர் பூட்டில் விரல் பட்டதில்லை. அதைத் தொடக் கை நீட்டினேன், கை என் பேச்சைக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கு அழுகை வந்தது. கண்ணை நாதாங்கிக்குத் திருப்பினேன். மரம் கரையான் அரித்துப் பொதபொதவென்று இருந்தது. பையில் இருந்த பெரிய ஸ்பேனரை இடுக்கில் கொடுத்து முழுப் பலத்தோடு நெம்பினேன். நாதாங்கி, ஆணி, பூட்டு, அட்டை எல்லாம் ஒன்றாகக் கையோடு வந்தன.

ரஞ்சன் கதவோரம் தரையில் கிடந்தார். உதடு வெடித்திருந்தது, உடம்பு அனலாகக் கொதித்தது. கையில் ஒரு சில்வர் டம்ளர். கதவு திறந்த பிறகும் அந்தக் கை தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. டம்ளரைப் பிடுங்கினேன், வெறும் கை தட்டியது. அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

பாப்பாத்தியக்காதான் முதலில் சுதாரித்தார். ரஞ்சனின் தலையைத் தூக்கி மடியில் வைத்து ஸ்பூனால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார், சேலை முந்தானையை நனைத்து நெற்றியில் போட்டார். நான் ரோட்டுக்கு ஓடி, தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை வண்டியை நிறுத்தி, லோடை இறக்கச் சொல்லிக் கெஞ்சினேன். டிரைவர் மறுபேச்சுப் பேசாமல் தேங்காய்களை ரோட்டோரம் கொட்டினார். திரும்பி வந்தபோது பாப்பாத்தியக்கா ரஞ்சனின் முகத்தைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தார்.

"அந்த டிரைவரும் இப்படித்தானுங்க" என்றார். "கிளீனர் பையன் வெளிய பூட்டீட்டு டீசல் வாங்கப் போயிட்டான். உள்ள இருந்து தட்டறாரு, தட்டறாரு. குடிச்சுப்போட்டு ரகளை பண்றான், தொறக்காதேன்னு எங்க ஊட்டுக்காரர் சொல்லிப்போட்டாரு. நெஞ்சு வலிச்சுத் தட்டியிருக்காரு சாமி. அவரு உசுரோட தட்டுனதுதான் என்ற காதுல நிக்குது. செத்து என்னைக்குமே தட்டுனதில்லீங்க."

எனக்கு அவர்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. நேற்றிலிருந்து கேட்டும் சூடம் கொளுத்திக்கொண்டு இருந்திருக்கிறாரே என்று. ஆனால் ரஞ்சனின் தலை அவர் மடியில் இருந்தது, அவர் கை நடுங்காமல் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. ரஞ்சனைத் தூக்கினேன். பாப்பாத்தியக்காவும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

உடுமலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு என்றார்கள், உடம்பில் தண்ணீரே இல்லை என்றார்கள். நாளைக்குக் கொண்டுவந்திருந்தால் வேலையே இருந்திருக்காது என்று டாக்டர் என்னைத் திட்டினார். அந்தத் திட்டு எனக்கு இனித்தது.

கதிரேசன் சார் கிரீஸ் கறை படிந்த உடையோடு ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். பிய்ந்து வந்த நாதாங்கியைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பூட்டு அதில் பூட்டியபடியே இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சாவியை எடுத்தார், பூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டுத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரயிலுக்குப் போறேன்னு சொன்னாரு. காத்தால பாத்தேன், கட்டில்ல ஆள் இல்லை. கெளம்பீட்டாருன்னு பூட்டுனேன்" என்றார். "பாத்ரூம் கதவு சாத்தியிருந்துச்சுங்க தொரைசாமி. ஒரு வாட்டி பேர் சொல்லிக் கூப்புட்டிருக்கலாம்."

சத்தமில்லாமல் அழுதார். மேல் பட்டன் போட்ட சட்டையோடு ஒருவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

ரஞ்சனுக்குப் பேச்சு வந்தது மறுநாள். வாந்தி எடுக்கக் குளியலறைக்குப் போனவர் அங்கேயே மயங்கிவிட்டார். விழித்தபோது கதவு பூட்டியிருந்தது, போனில் சார்ஜ் இல்லை, கத்தக் குரல் இல்லை. வாளியில் இருந்த தண்ணீர் முதல் நாளோடு தீர்ந்துபோயிற்று. நான் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், எதற்கு அப்படித் தாளம் தப்பாமல் தட்டினீர்கள் என்று.

"சிறகு வர்றப்ப இரைச்சலுங்க அண்ணா. தட்டுனாக் கேக்காது. தாண்டிப் போனதும் கொஞ்சம் அமைதி வருமுங்கள்ல, அப்பப் பாத்துத் தட்டுனேன். யாருக்காவது தனியாக் கேக்கட்டும்னு."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். காற்றாலைக்காரனுக்குத்தான் அந்த யோசனை வரும். அப்படித் தட்டியதால்தான் இன்னொரு காற்றாலைக்காரன் அதை இயந்திரத்தின் சத்தம் என்று நினைத்தான். கண்ட நேரத்தில் தட்டியிருந்தால் நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு ஓடியிருப்பேன்.

ரஞ்சன் ஊருக்குப் போய் உடம்பு தேறி வந்தார். முதல் நாள் வேலைக்கு ஏறும்போது கதிரேசன் சார் பூட்டுக்கு முன்னால் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து, பதில் வந்த பிறகே பூட்டைக் கையில் எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. பூட்டு விழுகிற அந்த 'கிளிக்' கேட்டதும் ரஞ்சன் கோபுரத்தின் அடியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் வேலையில் பூட்டு இல்லாமல் ஒரு படி ஏற முடியாது. நான் முதலாளியிடம் சொல்லி, பனியன் கம்பெனியில் பேக்கிங் பக்கம், எப்போதும் திறந்திருக்கிற பெரிய கேட்டுக்கு அருகில் ஓரிடம் வாங்கிக் கொடுத்தேன்.

இதை எழுத ஆரம்பித்த பிறகு அவரைப் பார்க்கத் தோன்றியது. மங்கலம் ரோட்டில் லைன் வீட்டில் மனைவி, பெண் குழந்தையோடு இருக்கிறார். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு வாசல், எல்லாவற்றிலும் கதவு. ஒன்றில் மட்டும் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள், வாசலில் ஒரு பழைய சேலை திரையாகத் தொங்கியது. பக்கத்து வீட்டம்மா, "அவருதானுங்க கழட்டுனாரு. திருட்டுப் போகும்னு எத்தனையோ சொல்லிப் பாத்துட்டோம்" என்றார்.

வாசல் நிலையில் தட்டக் கையை உயர்த்தினேன். நல்ல வேளை, தட்டவில்லை. கையை இறக்கிக்கொண்டு, "ரஞ்சன்" என்று கூப்பிட்டேன்.

"இருக்கேனுங்க" என்று உள்ளேயிருந்து உடனே குரல் வந்தது.